நடுநிலை

பல்மருத்துவர் இல்க்கா வீர்த்தா
வாயைத் திறக்கச் சொல்லும் தோரணையிலேயே
கிதார் பெட்டியைத் திறந்தார்.
"மூன்று நிலை. முன்னே பேசுகிறது, பின்னே பேசுகிறது.
நடுவில் பிணம்."
ஏலத்தில் எடுத்ததாம்.
நான்கு மணிக்கு வருகிறாராம்.

துர்க்கு நகரில் பிப்ரவரி.
ஆறு உறைந்து கிடக்கிறது, அதன்மேல் யாரோ தள்ளிப்போன
சைக்கிளின் ஒற்றைத் தடம்.
கடை ஜன்னல் உள்பக்கமே பூத்திருக்கிறது.
ஈயக்கோல் சூடேறும்வரை
காப்பிக் கோப்பையைச் சுற்றி விரல்களை வைத்திருக்கிறேன்.

இரண்டு திருகு. தகடு கழன்றது.
உள்ளே எட்டுக் காதுள்ள சுவிட்ச்:
நான்கு இந்தப் பக்கம், நான்கு அந்தப் பக்கம்.
கழுத்தருகே உள்ள பிக்கப் ஒரு வரிசைக்கு,
பாலத்தருகே உள்ளது மறு வரிசைக்கு.
நடுவில் இரண்டும் சேர்ந்து பேச வேண்டுமென்றால்
வரிசைக்கொன்றாய்
ஒரு நகத்தளவு துண்டுக் கம்பி
காதோடு காது வைத்துப் பற்றவைக்க வேண்டும்.
அவ்வளவுதான் சங்கதி.
அந்த இரண்டு துண்டும் இல்லை.

அறுந்துபோகவில்லை.
அறுந்த கம்பிக்குப் பிசிறு இருக்கும், களிம்பு இருக்கும்.
இது நறுக்கியது.
நறுக்கிய நான்கு முனையிலும்
ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி
ஒரு பொட்டு நகச்சாயம்,
கறுப்புத் திராட்சை நிறம்.

எந்த மடையன் வேலை இது என்று வாயெடுத்தேன்.
பிறகு அந்த நிறம் தெரிந்தது.
ஒரு குளிர்காலம் முழுக்க
அதைத்தான் பூசிக்கொண்டு திரிந்தேன்.

அலமாரியின் அடித்தட்டில் பழைய நோட்டு.
பதினோரு வருஷம் பின்னால்
என் கையெழுத்து:
"லெஹ்தியோ, வெய்க்கோ. நடுவில் மௌனம். பதினைந்து யூரோ."
காரணம் எழுதவில்லை.

முகம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.
ஸ்டாக்ஹோம் கப்பலில் இரவு நடனத்துக்கு வாசித்தவர்.
கோட்டில் டீசல் வாசம்.
ஒலியைக் குறைக்கத்தான் குமிழ் இருக்கிறதே என்றேன்.
"அது குறைவது.
எனக்கு வேண்டியது இல்லாமல் இருப்பது."
அதற்குமேல் அவர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை, மகளைப் பள்ளியிலிருந்து
கூட்டிவர நேரமாகியிருந்தது.

என்ன செய்திருப்பார் அந்த இடத்தை வைத்துக்கொண்டு?
ஒரு டாங்கோவுக்கும் அடுத்த டாங்கோவுக்கும் நடுவே
நெம்பைத் தள்ளி நிறுத்திவிட்டு
கீழே எஞ்சின் நடப்பதை,
மேஜைகளில் கோப்பைகள் முட்டிக்கொள்வதைக்
கேட்டிருப்பாரோ.
இது நான் இப்போது ஜோடிப்பது.
கையை மட்டும் ஆட்டி
வாசிப்பதுபோல் ஏமாற்றியும் இருக்கலாம்,
சம்பளம் ஒன்றுதானே.

ஏலத்துக்கு ஒரு கிதார்
தானாக நடந்து வராது.

சாயத்தைச் சுரண்டினேன்.
ஆறிய புண்ணின் பொருக்குப்போல் உரிந்து வந்தது.
கம்பி வெட்டி, முனைக்கு ஈயம் காட்டி,
ஒரு காது, மறு காது,
புகை கண்ணுக்குள் போனது, அடுத்த வரிசை.
திருகுளியால் பிக்கப்பைத் தட்டினால் டொக்.
மற்றதைத் தட்டினால் டொக்.
நடுநிலையில் இரண்டும் டொக் டொக்.

ஆனால் ஒன்று.
முன்னே வைத்தால் மின்சாரத்தின் முணுமுணுப்பு.
பின்னே வைத்தாலும் அதே முணுமுணுப்பு.
நடுவில் மட்டும் அது இல்லை:
இரண்டு சுருளும் எதிரெதிராகச் சுற்றியவை,
ஒன்றின் இரைச்சலை மற்றது தின்றுவிடும்.
இந்தக் கிதாரில் ஆகச் சுத்தமான இடம்
அவர் வெட்டச் சொன்னதுதான்.
அன்றைக்கு அதை அவரிடம் சொன்னேனா?
நோட்டில் இல்லை.

அந்த வரிக்குக் கீழேயே எழுதினேன்:
"வீர்த்தா, இல்க்கா. நடு, சேர்த்தது. இருபத்தைந்து."

நான்கு அடிக்க ஐந்து நிமிடம். பனியை உதறிக்கொண்டு வந்தார்,
நெம்பை மூன்று முறை தள்ளிப் பார்த்தார்.
"என்ன பழுது?"
"பழுதில்லை," என்றேன், "வேலை."
அவருக்குப் புரியவில்லை.
அட்டையை எந்திரத்தில் வைத்தார்.
என் கட்டைவிரலில் இன்னும் ஒட்டியிருந்தது
திராட்சை நிறத்தில் ஒரு செதில்.